‘ஆன்டிகனி’யில் துன்பியல் நாயகர் யார்? ஹமார்த்தியா யாருடையது?

கிரேக்க நாடகாசிரியர் சோபாக்ளீஸின் ‘ஆன்டிகனி’யைப் பாடமாகப் படிப்பதாகச் சொல்லி நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். துன்பியல் நாயகர் ஆன்டிகனியா, அரசன் கிரியோனா? ஹமார்த்தியாவும் (பிழை) ஹ்யூப்ரிஸும் (அத்துமீறும் ஆணவம்) ஒன்றுதானா? பெரிபெட்டியா (நிகழ்ச்சி நேரெதிராகத் திரும்புவது) எந்த இடத்தில் வருகிறது? முதியவர்களின் பாடல் குழுவான கோரஸுக்கு என்ன வேலை? தேர்வுக் கையேடுகளில் இவற்றுக்கெல்லாம் ஒரு வரி விடை இருக்கும். கிரியோன் என்றால் ஹ்யூப்ரிஸ், ஆன்டிகனி என்றால் பிடிவாதம், தங்கை இஸ்மீனி என்றால் முரண் பாத்திரம் என்று பெயருக்கு எதிரே சொல்லை ஒட்டிவைத்திருப்பார்கள். நாடகத்தைப் படித்துப் பார்த்தால் அந்த ஒட்டு நிற்காது. ஆட்களுக்குச் சூட்டும் பட்டங்களாக இந்தச் சொற்களை எடுத்துக்கொள்வதில்தான் சிக்கலே. அரிஸ்டாட்டிலுக்குக் கதைப்பின்னல் முதலில், பாத்திரம் அதற்குப் பிறகு. அவருடைய சொற்களில் பெரும்பாலானவை நிகழ்ச்சிகள் எப்படித் திரும்புகின்றன என்பதைச் சொல்ல வந்தவை.

முதலில் காலக்கணக்கைச் சரிசெய்துகொள்வோம். நாடகம் ஏதென்ஸில் கி.மு. 441 வாக்கில் அரங்கேறியது. அரிஸ்டாட்டிலின் ‘கவிதையியல்’ அதற்கு ஏறத்தாழ நூறாண்டு பிந்தியது. ஹமார்த்தியா, பெரிபெட்டியா, அனக்னோரிசிஸ் (அறிதல்), கதார்சிஸ் (உணர்வுத் தூய்மை) என்ற சொற்களைச் சட்டமாக வைத்துக்கொண்டு சோபாக்ளீஸ் எழுதவில்லை. அரிஸ்டாட்டில் தம் கருத்துகளுக்கு அடிக்கடி எடுத்துக்காட்டுவதும் ‘ஈடிபஸ் மன்னன்’ நாடகத்தைத்தான். ‘ஆன்டிகனி’ அவர் நூலில் தலைகாட்டும் இடம் பாராட்டுகூட அல்ல. தெரிந்தே கொல்லப் போய், கொல்லாமல் விடுவது துன்பியலுக்குப் பொருந்தாத வகை என்று சொல்லி, தந்தை கிரியோன்மேல் வாளோங்கிய ஹீமோனை 14ஆம் இயலில் உதாரணம் காட்டுகிறார்.

இன்னொன்று. ‘ஈடிபஸ் மன்னன்’, ‘கொலோனஸில் ஈடிபஸ்’, ‘ஆன்டிகனி’ மூன்றும் ஒரே தொகுப்பாக அச்சில் வருவதால் இவற்றை முத்தொடர் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. கதை வரிசையில் கடைசியாக வரும் ‘ஆன்டிகனி’தான் முதலில் எழுதப்பட்டது. ‘ஈடிபஸ் மன்னன்’ பத்தாண்டுக்கும் மேல் கழித்து வந்தது. ‘கொலோனஸ்’ கவிஞர் இறந்தபின் கி.மு. 401இல் மேடையேறியது. மூன்றிலும் வரும் கிரியோன் ஒரே ஆள் என்று எடுத்துக்கொண்டு குணச்சித்திரம் எழுதாதீர்கள்.

கதையின் உறவுமுறை தமிழ் வாசகருக்குச் சட்டென்று பிடிபடும். ஆன்டிகனி, இஸ்மீனி, எட்டியோக்ளிஸ், பாலினைசஸ் நால்வரும் ஈடிபஸுக்கும் யொகாஸ்டாவுக்கும் பிறந்தவர்கள். கிரியோன் யொகாஸ்டாவின் சகோதரன், அதாவது இந்தப் பிள்ளைகளுக்குத் தாய்மாமன். அவன் மகன் ஹீமோன் ஆன்டிகனிக்கு நிச்சயிக்கப்பட்டவன். நம் கணக்கில் முறைமாப்பிள்ளை. அண்ணன் தம்பி இருவரும் தீப்ஸ் நகரின் வாசலில் ஒருவரையொருவர் குத்திச் சாகிறார்கள். படை விலகிய மறுநாள் காலையில் நாடகம் தொடங்குகிறது. அரியணை மாமனிடம் வந்து சில மணிநேரம்தான் ஆகிறது. நகரைக் காத்த எட்டியோக்ளிஸுக்கு முழு மரியாதை, படை கொண்டுவந்த பாலினைசஸை நாய்க்கும் பறவைக்கும் போடுவது, புதைப்பவருக்கு மரணம் என்று அவன் அறிவிக்கிறான். ஆன்டிகனி அதை மீறிப் பாலினைசஸின் பிணத்தின்மேல் மண்தூவுகிறாள். பிடிபட்டதும் அவளை உயிரோடு குகையில் அடைக்கச் சொல்கிறான்.

ஏதென்ஸிலும் துரோகிகளைத் தம் மண்ணில் புதைக்க விடாத வழக்கம் இருந்தது. எல்லைக்கு வெளியே கொண்டுபோய்ப் புதைக்க இடமுண்டு. கிரியோன் அந்த இடத்தையும் அடைக்கிறான். பிணத்தை நகரத்துக்குப் பக்கத்திலேயே அழுகவிட்டுக் காவலும் போடுகிறான். முதலில் அமர்ந்து கேட்ட பார்வையாளர்களுக்கு ஆணையின் பாதி நியாயமாகவும் மீதி அளவு மீறியதாகவும் பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். இதை விட்டுவிட்டு அவனை வெறும் கொடுங்கோலனாக எழுதினால் அவன் வீழ்ச்சியில் நமக்கு இரக்கம் வர வழியில்லை.

இனி, நாயகர் யார் என்ற கேள்வி. ‘புரோட்டகனிஸ்ட்’ என்ற சொல் கிரேக்க அரங்கில் முதல் நடிகரைக் குறித்தது. பேசும் நடிகர்கள் மொத்தம் மூவர். மூன்றாமவரைக் கொண்டுவந்ததே சோபாக்ளீஸ் என்கிறார் அரிஸ்டாட்டில். மூவரும் ஆண்கள், முகமூடி அணிந்தவர்கள், ஒருவரே பல வேடம் கட்டுவார். கி.மு. 343இல் ஏதென்ஸின் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் நீதிமன்றத்தில் தம் எதிரி ஈஸ்கினஸைக் கிண்டல் செய்யும்போது நமக்கு ஒரு தகவல் கிடைக்கிறது. ‘ஆன்டிகனி’யைத் தியோடோரஸ், அரிஸ்டொடீமஸ் போன்ற பெரிய நடிகர்கள் பலமுறை ஆடினார்கள், அதில் கிரியோன் வேடம் மூன்றாம் நடிகரான ஈஸ்கினஸுக்குப் போனது, செங்கோல் பிடித்து வரும் அரசன் வேடமெல்லாம் மூன்றாமவருக்குக் கிடைக்கும் சலுகை என்கிறார். அவர் பேச்சில் அரசியல் நஞ்சு இருக்கிறது, அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனாலும் அக்காலத்துக் குழுக்களில் முதல் நடிகர் விரும்பி எடுத்த வேடம் எது என்பது தெரிகிறது.

மேடையில் நிற்கும் நேரத்தைப் பார்த்தால் கணக்கு மாறுகிறது. 1,350 வரிக்குச் சற்று மேற்பட்ட நாடகத்தில் ஆன்டிகனி 943ஆம் வரியோடு வெளியேறிவிடுகிறாள், பிறகு அவள் பிணம்கூட வருவதில்லை. கிரியோன் 162ஆம் வரி வாக்கில் நுழைந்து, கடைசிவரை வந்துகொண்டே இருக்கிறான். அரிஸ்டாட்டில் 13ஆம் இயலில் கேட்கும் ஆள் யார்? மிக நல்லவனும் அல்லாமல் மிகத் தீயவனும் அல்லாமல், உயர்ந்த நிலையிலிருந்து ஒரு பிழையால் விழுபவன். அந்த அச்சுக்குக் கிரியோன் சரியாகப் பொருந்துகிறான். ஆன்டிகனி பொருந்தவில்லை. அவள் நிலை நாடகத்தில் திரும்புவதே இல்லை. முதல் காட்சியிலேயே சாவைத் தேர்ந்துவிட்டுத்தான் பேசுகிறாள். ஆகவே என் பதில்: அரிஸ்டாட்டிலிய அர்த்தத்தில் துன்பியல் நாயகன் கிரியோன், நாடகத்தை நகர்த்தும் முதன்மைப் பாத்திரம் ஆன்டிகனி. இரண்டும் ஒரே ஆளாக இருந்தே தீரவேண்டும் என்று எந்த விதியும் கிடையாது.

ஜெர்மன் தத்துவவாதி ஹெகலின் வாதம் வேறு வகை. ஒருபுறம் குடும்பம், மறுபுறம் அரசு, இரண்டும் தத்தம் அளவில் நியாயமானவை, மோதுவதால் இரண்டும் அழிகின்றன என்கிறார். பிரபலமான வாசிப்பு, விடைத்தாளில் குறிப்பிடலாம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. குருட்டு முனிவர் டைரீசியஸ் வந்து பலிபீடங்களில் பிணத்தின் மாமிசம் கிடக்கிறது, தெய்வங்கள் வேள்வியை ஏற்கவில்லை என்று சொன்ன பிறகு தராசு சமமாக நிற்கவில்லை. செத்தவனை மேலே வைத்தாய், உயிரோடிருப்பவளைக் கீழே அடைத்தாய் என்று அவர் கிரியோனிடம்தான் சொல்கிறார்.

இப்போது ஹமார்த்தியா. ‘குணக்குறை’ என்று பாடநூல் எழுதும். அரிஸ்டாட்டில் சொல்வதோ, ஒருவர் செய்யும் பிழை, தவறிய கணிப்பு. இந்தச் சொல்லின் உறவுச் சொற்கள் ‘ஆன்டிகனி’யின் வசனத்திலேயே நான்கு முக்கியமான இடங்களில் வருகின்றன, அவற்றைக் கோத்துப் பார்த்தாலே உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். குகைக்குப் போகுமுன் ஆன்டிகனி சொல்கிறாள்: தெய்வங்களுக்கு இதுதான் சரியென்றால், பட்டபின் என் பிழையை உணர்வேன், பிழை இவர்களுடையதென்றால், எனக்குச் செய்ததைவிட அதிகம் இவர்கள் படவேண்டாம். அடுத்து டைரீசியஸ்: பிழை செய்வது மனிதர் எல்லோருக்கும் பொது, செய்தபின் பிடிவாதமாக நில்லாமல் திருத்திக்கொள்பவன் அறிவிழந்தவன் ஆகமாட்டான். மூன்றாவதாக, மகனின் உடலோடு கிரியோன் வரும்போது கோரஸ்: இது பிறரால் வந்த கேடு அல்ல, இவன் தானே பிழை செய்தான். நான்காவதாகக் கிரியோன் தன் வாயாலேயே, மதிகெட்ட மனத்தின் பிழைகளே என்று அலறுகிறான். யாருடைய பிழை என்பது ஆன்டிகனி வாயில் கேள்வியாக இருந்து, முனிவர் வாயில் எச்சரிக்கையாகி, முதியோர் வாயில் தீர்ப்பாகி, குற்றவாளியின் வாயில் ஒப்புதலாக முடிகிறது. ஹமார்த்தியா என்ன என்று கேட்கும் பேராசிரியருக்கு இந்த நான்கு இடங்களையும் காட்டினால் போதும்.

அப்படியானால் ஆன்டிகனியிடம் குறையே இல்லையா? கோரஸ் அப்படிச் சொல்லவில்லை. கடுமையான தகப்பனுக்குப் பிறந்த கடுமையான பெண், துன்பத்துக்கு வளையத் தெரியாதவள் என்கிறது. உன் சுயவிருப்பச் சினமே உன்னை அழித்தது என்று முகத்துக்கு நேராகவும் சொல்கிறது. தங்கை பிறகு மனம் மாறி, நானும் உன்னோடு சாகிறேன் என்று வரும்போது ஆன்டிகனி அவளை வெட்டிப் பேசுவது கேட்கவே கசப்பாக இருக்கும். அவளைப் புனிதையாக்கி எழுதுபவர்கள் அந்தக் காட்சியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

ஹ்யூப்ரிஸ் விஷயத்தில் நாடகம் உங்களுக்கு ஒரு வேடிக்கை காட்டும். கிரியோனின் ஆணவத்துக்கு நாம் போடும் பெயர் அது. ஆனால் நாடகத்தில் அந்தச் சொல்லை அவன்தான் ஆன்டிகனிமேல் எறிகிறான்: சட்டத்தை மீறியது முதல் ஹ்யூப்ரிஸ், மீறியதைச் சொல்லிச் சிரிப்பது இரண்டாவது. ஏதென்ஸில் அந்தச் சொல்லுக்கு வெறும் கர்வம் என்று பொருளில்லை. பிறரை இழிவுபடுத்தி அத்துமீறும் செயல். வழக்குத் தொடுக்கக்கூடிய குற்றம். அதனால் ஹமார்த்தியாவும் ஹ்யூப்ரிஸும் ஒன்றல்ல. ‘கவிதையியல்’ துன்பியல் நாயகனுக்கு ஹ்யூப்ரிஸ் வேண்டும் என்று எங்கும் விதிக்கவுமில்லை. இரண்டையும் கலந்தது பிற்கால வகுப்பறைகளின் வேலை.

கிரியோனின் பிழை எங்கே வேர்விடுகிறது என்று கேட்டால், ஆணவம் என்பதைவிட ஒரு பழக்கத்தைச் சுட்டுவேன். எதிர்ப்பவர் யாராக இருந்தாலும் பின்னால் ஒரு மட்டமான காரணம் இருந்தே தீரும் என்று நினைக்கிறான். காவலன் செய்தி கொண்டுவந்தால் காசு வாங்கிவிட்டாய் என்கிறான். ஹீமோன் வாதாடினால் பெண்ணுக்கு அடிமை என்கிறான். டைரீசியஸ் எச்சரித்தால் மறுபடியும் காசு. பிணத்தின்மேல் யாரோ மண்தூவியதாகக் கேட்டவுடன் அவன் கேட்பது, எந்த ஆண் இதைச் செய்யத் துணிந்தான் என்று. முதல் காட்சியில் அக்கா தங்கை பேச்சைக் கேட்டுவிட்ட பார்வையாளர்களுக்கு அந்த ‘ஆண்’ என்ற சொல் காதில் குத்தியிருக்கும். நாடகமுரண் என்று கேள்வி வந்தால் இதை எழுதுங்கள். ஆட்சியில் வைத்துப் பார்க்கும்வரை ஒருவன் மனம் தெரியாது என்று அவனே தன் முதல் உரையில் சொல்வது அடுத்த உதாரணம்.

பெரிபெட்டியா எங்கே? டைரீசியஸ் போனதும் கோரஸ் தலைவர் கிரியோனுக்குத் தெளிவாக வரிசை சொல்கிறார்: போய் முதலில் பெண்ணைக் குகையிலிருந்து விடுவி, பிறகு கிடப்பவனுக்குக் கல்லறை கட்டு. சரி, நான் கட்டியதை நானே அவிழ்க்கிறேன் என்று கிளம்புகிறான். பிறகு தூதுவன் வந்து நடந்ததை விவரிக்கும்போது கவனியுங்கள்: முதலில் பாலினைசஸின் எச்சங்களைக் கழுவி, எரித்து, மேடு எழுப்பிவிட்டுத்தான் குகைக்குப் போயிருக்கிறார்கள். வரிசை மாறிவிட்டது. போய்ச் சேரும்போது ஆன்டிகனி துணிச்சுருக்கில் தொங்குகிறாள், ஹீமோன் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுகிறான். தந்தையின் முகத்தில் துப்பி, வாளை ஓங்கி, குறிதவறி, அதே வாளில் விழுகிறான். செய்தி கேட்ட கிரியோனின் மனைவி யூரிடிஸி ஒரு சொல்லும் பேசாமல் உள்ளே போய்ப் பலிபீடத்தருகே குத்திக்கொள்கிறாள். அவள் மேடையில் பேசுவது மொத்தம் ஒன்பது வரி.

ஏன் வரிசையை மாற்றினான் என்பதற்கு நாடகம் காரணம் சொல்லவில்லை. முனிவர் பயமுறுத்தியது பிணத்தின் தீட்டைப் பற்றி, ஆகவே தீட்டைத் தீர்க்க ஓடினான் என்று வாசிக்கலாம். தெய்வக் கடனை முதலில் முடிப்பதே முறை என்றும் வாதிடலாம். எப்படி எடுத்தாலும், காப்பாற்றப் போன செயலே தாமதமாகி அழிவைக் கொண்டுவருகிறது. நினைத்த பலனுக்கு நேரெதிராக நிகழ்ச்சி திரும்புவதைத்தான் அரிஸ்டாட்டில் பெரிபெட்டியா என்கிறார். பணக்காரன் ஏழையானான் என்பது போன்ற வெறும் நிலை மாற்றத்துக்கு அந்தப் பெயர் பொருந்தாது. அனக்னோரிசிஸ் இதற்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது. நியாயத்தைப் பார்த்துவிட்டாய், ஆனால் காலம் கடந்து என்கிறது கோரஸ். ஐயோ, கற்றுக்கொண்டேன் என்கிறான் அவன். ஈடிபஸுக்கு யார் யார் என்பது தெரியவரும் கணத்திலேயே திருப்பமும் நிகழும். இங்கே அடையாளம் எதுவும் மறைந்திருக்கவில்லை, தெரியவருவது தன் பிழை மட்டும். ஆகவே ‘அறிதல்’ என்ற சொல்லைக் கொஞ்சம் நெகிழ்த்திப் பயன்படுத்துகிறோம் என்று விடையில் ஒரு வரி சேருங்கள்.

கோரஸ் தீப்ஸின் முதியவர்கள், பதினைந்து பேர். ஆன்டிகனிக்கு ஆதரவாகப் பெண்கள் கோரஸை வைத்திருக்கலாம். சோபாக்ளீஸ் அரசவிசுவாசம் பிடித்த கிழவர்களை வைத்து அவளை மேடையில் தனியாக்கிவிட்டார். அவர்கள் உள்ளே நுழையும்போது பாடுவது பரடோஸ், காட்சிகளுக்கு இடையில் பாடுவது ஸ்டாஸிமோன், காட்சி எபிசோட், கடைசிப் பகுதி எக்ஸோடோஸ். முதல் ஸ்டாஸிமோன் மிகப் புகழ்பெற்றது: கடலைக் கடந்தான், நிலத்தை உழுதான், பேச்சும் நகரமும் கற்றான், சாவுக்கு மட்டும் மருந்து காணவில்லை என்று மனிதனை வியக்கும் பாட்டு. அது முடிந்த கையோடு காவலன் ஆன்டிகனியை இழுத்துவருகிறான். ஆன்டிகனி சாகப் போகும் இடத்தில் அவளும் கோரஸும் மாறிமாறிப் பாடும் புலம்பலுக்குக் கொம்மோஸ் என்று பெயர். ஒரு வரிக்கு ஒரு வரி வெட்டிப் பேசுவது ஸ்டிக்கோமைத்தியா. ஹீமோனும் கிரியோனும் மோதும் காட்சியில் அதன் கூர்மை தெரியும். ஒருவனுக்கே சொந்தமானால் அது நகரமே இல்லை என்கிறான் மகன். ஆளில்லாத நாட்டை நீங்கள் அழகாக ஆளலாம் என்றும் சொல்கிறான்.

கையேடுகள் தொடாத ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். 904 முதல் 920 வரையிலான வரிகளில் ஆன்டிகனி திடீரென்று, கணவனோ பிள்ளையோ செத்திருந்தால் இதைச் செய்திருக்க மாட்டேன், வேறு கணவன் வேறு பிள்ளை கிடைக்கும், பெற்றோர் போய்விட்டதால் இன்னொரு சகோதரன் பிறக்கமாட்டான் என்கிறாள். நேற்றும் இன்றும் வந்தவையல்ல, என்றுமுள்ள எழுதாத சட்டங்கள் என்று முழங்கியவளா இப்படிக் கணக்குப் போடுகிறாள்? ஜெர்மன் கவிஞர் கெட்டே 1827இல் இந்த வரிகள் இடைச்செருகல் என்று யாராவது மொழியறிஞர் நிரூபிக்கமாட்டாரா என ஆசைப்பட்டார். ஆனால் அரிஸ்டாட்டில் பேச்சுக்கலை பற்றிய தம் ‘அணியியல்’ நூலில் இந்த வாதத்தைச் சோபாக்ளீஸின் வரிகளாகவே எடுத்தாள்கிறார். வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டஸின் நூலிலும் பாரசீகப் பிரபு இன்டஃபர்னஸின் மனைவி, டரியஸ் மன்னனிடம் இதே வாதத்தைச் சொல்லிச் சகோதரனின் உயிரைக் கேட்கிறாள். என் கட்சி, வரிகள் இருக்கட்டும் என்பது. கொள்கை பேசிய பெண் சாவின் வாசலில் நின்று, தனக்கே காரணம் தேடித் தடுமாறுகிறாள். அந்தத் தடுமாற்றம் இல்லாவிட்டால் அவள் முழுக்க முழுக்கக் கொள்கைச் சிலைதான்.

மீதிச் சொற்களை வேகமாக முடிக்கலாம். கதார்சிஸைப் பற்றி அரிஸ்டாட்டில் தரும் விளக்கம் மிகக் குறைவு; இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பி அவற்றின் வழியாக நிகழும் தூய்மை என்பதோடு நிறுத்துங்கள், கிரியோனின் கடைசிக் காட்சியை உதாரணம் காட்டுங்கள். காலம், இடம், செயல் மூன்றும் நாடகத்தில் சிதறாமல் ஒன்றாக இருக்கவேண்டும் என்ற மூன்று ஒருமைகளையும் அரிஸ்டாட்டில் தலையில் கட்டவேண்டாம். அவர் வற்புறுத்தியது செயல் ஒருமையை மட்டும். மூன்றையும் சட்டமாக்கியது 1570இல் எழுதிய கஸ்டெல்வெட்ரோ போன்ற இத்தாலிய உரையாசிரியர்கள். நாடகத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் ஃப்ரைடாக்கின் முக்கோணப் படம் 1863ஐச் சேர்ந்தது, அதைக் கிரேக்க நாடகத்தின்மேல் வைத்து உச்சம் எங்கே என்று தேடுவது வீண் வேலை. யூரிடிஸியின் உடலைக் காட்ட எக்கிக்ளீமா என்னும் உருளும் மேடை பயன்பட்டிருக்கலாம். தெய்வம் இயந்திரத்தில் இறங்கி வந்து தீர்த்துவைக்கும் வழக்கம் இந்த நாடகத்தில் இல்லை, அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்றே எழுதுங்கள். இஸ்மீனியைப் பற்றி எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள்: அரச குலத்தில் மிஞ்சிய கடைசி ஆள் நான் என்று ஆன்டிகனி சொல்லிவிட்டுப் போகும்போது தங்கை அரண்மனைக்குள் உயிரோடுதான் இருக்கிறாள்.